ட்ரம்பெட் வர வேண்டிய இடம்

ரோக்கால்பினா
அக்டோபர் 6

அன்புத் தம்பி தூல்லியோவுக்கு,

அக்கா ஓர்னெல்லா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். உன் முழங்கால் இப்போதாவது மாடிப்படி ஏற விடுகிறதா? மால்மோவில் இதற்குள் குளிர் இறங்கியிருக்கும். இங்கே இன்னும் சன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைக்கிறேன்.

ஜூன் மாதம் தேர்தல் முடிவு வந்த அன்று போனில் நீ கத்தினாய், நான் போனை வைத்தேன். மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வைத்துவிட முடியாது. இனிமேல் எழுதிக்கொள்வோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ எந்தக் கட்சியின் பெயரைச் சொல்லிக் கத்தினாயோ அந்தக் கட்சியின் ஆள்தான் இப்போது எங்கள் மேயர். ஆனால் ஆள் யார் தெரியுமா? கோர்ராதோ, மாட்டு டாக்டர். நம் பிரிச்சோலாவைப் பாம்பு கடித்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடிவந்தவர். நாய் பிழைத்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குப் போய் நான் பயப்பட வேண்டுமா?

வந்த நான்கு மாதத்தில் ஆற்றங்கரை விளக்குகள் எரிகின்றன. எங்கள் பேண்டு ஒத்திகைக் கூடத்தின் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. நீ ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆட்களிடம் பதினொரு வருடம் மனு கொடுத்தேன், பேண்டின் செயலாளர் என்ற முறையில். ஒரு ஓடுகூட மாற்றவில்லை. இப்போது முப்பத்தொரு பேருக்கும் புதுச் சீருடை வேறு தைக்கப் போகிறார்களாம். கரும்பச்சை, வெள்ளிப் பொத்தான். நம் வீட்டுச் சுவர் பூசினானே பெஸ்னிக், அல்பேனியாவிலிருந்து கப்பலில் வந்தவன், எங்கள் ட்ரம்பெட்காரன், அவன் அளவு கொடுக்கும்போது, "முப்பது வருஷமா சுண்ணாம்புச் சட்டை. இப்பத்தான் மனுஷனாகப் போறேன்" என்றான். தையற்காரர் சிரித்ததில் நாடா கீழே விழுந்துவிட்டது.

முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள். பதில் போடு.

உன் அக்கா
ஓர்னெல்லா


மால்மோ
அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் படியில் ஏறுகிறது, இறங்கத்தான் மறுக்கிறது. மற்றபடி நலம். நீங்கள் இருவரும் நலமாயிருப்பது மகிழ்ச்சி. பிரிச்சோலாவுக்கு ஒரு முத்தம்.

போனில் கத்தியதற்கு மன்னித்துக்கொள். கத்திய விதத்துக்குத்தான், கத்திய விஷயத்துக்கு இல்லை.

மேயர் நல்லவராகவே இருக்கட்டும். நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. நாள் முழுக்கப் பட்டறையில் பொய்ப்பல் செய்கிறவன் நான். என்னிடம் வருகிற ஒவ்வொரு பல் அச்சும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது. வலி வருவதற்கு வெகு முன்பே பல் போய்விட்டிருக்கும். ஃபாசிசமும் கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து தன் பெயரைச் சொல்லாது அக்கா.

இங்கே ஒரு பத்திரிகையில் ஒரு பட்டியல் வந்தது. ஒரு சமூகம் அந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு என்னென்ன அடையாளம் என்று. மொழிபெயர்த்து இத்துடன் வைத்திருக்கிறேன். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவை. நானும் ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒருமுறை பார்த்து, நடப்பதற்கு நேராக ஒரு குறி போடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி
தூல்லியோ


ரோக்கால்பினா
நவம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். எனக்கு மட்டும் லேசாக இருமல். உன் பட்டியலை ஒட்டினேன். காப்பி போட்டுக்கொண்டே தினமும் படிக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

"ஒரு எதிரியைச் சுட்டிக்காட்டுவார்கள்" என்று இருக்கிறது. கோர்ராதோ இதுவரை சுட்டிக்காட்டிய ஒரே எதிரி காட்டுப்பன்றி. "சீருடையின் மேல் மோகம்" என்று இருக்கிறது. அப்படிப் பார்த்தால் முதல் குற்றவாளி நான்தான், என் சட்டை எப்போது வரும் என்று வாரம் இரண்டு முறை தையற்காரரைக் கேட்கிறேன். "சிக்கலான கேள்விகளுக்கு எளிய விடை." கூரை ஒழுகியது, கூரை போட்டார். வேறு என்ன விடை இருக்கிறது? "பழைய பெருமையைப் பேசுவார்கள்." நீ நம் ஊர்க் கால்பந்துக் குழுவைப் பற்றி வேறு எப்படிப் பேசுகிறாய்?

"மக்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்குவார்கள்" என்பதற்கு நேராக 'இல்லை' என்று எழுதினேன். போன வாரம் வீட்டுக்குச் சிலர் வந்தார்கள். அதற்கு முன் பட்டியலைக் கழற்றி மேஜைவிரிப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கேட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமே என்றுதான். இது தயக்கமா, சோம்பலா, நீயே சொல்.

இன்னொன்று. மேயர் ஊர்க்காவல் தொண்டர்கள் என்று ஒரு குழு தொடங்கியிருக்கிறார். ஓய்வுபெற்றவர்கள்தான் அதிகம். ஆரஞ்சு நிற மேல்சட்டை. வயதானவர்களை மருந்துக்கடைக்குக் கைபிடித்து அழைத்துப் போகிறார்கள், பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிறார்கள். உன் பட்டியலில் இதற்கு இடமில்லை.

இருமலுக்குத் தேன் போட்டுப் பால் குடிக்கிறேன். நீயும் குடி.

அக்கா


மால்மோ
நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றதா? நிற்காவிட்டால் டாக்டரைப் பார், மாட்டு டாக்டரை அல்ல.

இரண்டு கேள்விகள் மட்டும். உன் போன கடிதத்தின் உறையில் அஞ்சல் முத்திரை நம் ஊருடையது இல்லை, போர்கோவேக்கியோ என்று இருக்கிறது. இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய் எதற்கு ஒரு கடிதத்தைப் போட்டாய்?

அடுத்தது, இரண்டு பக்கத்தில் அத்தானைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் எப்படி இருக்கிறார்? லாரி ஓட்டுவதை விட்டபின் சோர்ந்துபோய்விட்டார் என்று சொல்லியிருந்தாயே.

உன் நலம் நாடும்
தூல்லியோ


ரோக்கால்பினா
டிசம்பர் 28

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், தாமதமாக. புத்தாண்டு வாழ்த்துகள், சற்று முன்னதாக. இருமல் போய்விட்டது. பண்டிகைக்கு மாவுக்குள் இறைச்சி வைத்து முன்னூறு கப்பெல்லெத்தி பிடித்தேன், வழக்கம்போல உன் பங்கையும் சேர்த்து. உன் பங்கை பெஸ்னிக் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

போர்கோவேக்கியோவுக்குப் பல் டாக்டரிடம் போனேன். போகும் வழியில் போட்டேன்.

உன் அத்தான் நன்றாக இருக்கிறார். இரண்டு வருடம் சன்னலோரம் உட்கார்ந்து போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்த மனிதர், இப்போது காலையில் முகம் மழித்துக்கொண்டு வெளியே கிளம்புகிறார். மத்தியானம் வந்து யாரைப் பார்த்தேன், என்ன பேசினேன் என்று சொல்கிறார். எனக்கு அதுவே போதும்.

ஒரு விஷயம் மனதைக் குடைகிறது. மேயர் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டுப் படிவம் கொடுத்தார். பேண்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தாத்தா பாட்டி நால்வரும் பிறந்த ஊரை எழுதித் தர வேண்டும்.

"இது எதுக்கு டாக்டர்?" என்றேன்.

"சும்மா, ஒரு ஆல்பம் போடலாம்னுதான் ஓர்னெல்லாக்கா. ஊர் பேண்டு, ஊரோட வேர். நம்ம ஆளுங்க எங்கிருந்து வந்தாங்கன்னு பிள்ளைங்க தெரிஞ்சிக்க வேண்டாமா?"

"வெளியிலேர்ந்து வந்தவங்க?"

"அவங்களும் எழுதட்டுமே. யாரையாவது வேண்டாம்னு சொன்னேனா?"

இல்லை, சொல்லவில்லை. நாயின் சுகத்தை விசாரித்தார். நானும் படிவங்களை வாங்கிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன். வெளியிலிருந்து வந்தவர்கள் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லையே, நான்தானே எடுத்தேன். என் மனதில்தான் அழுக்கு இருக்கிறதா? இல்லை, உன் பட்டியலைப் படித்துப் படித்து எனக்கு எல்லாமே அப்படித் தெரிகிறதா? படிவங்கள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மால்மோ
ஜனவரி 14

அக்காவுக்கு,

நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் படிவத்தைக் கொடுக்காதே. கூரைக்கும் பாட்டி பிறந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? ஆல்பம் போடப் புகைப்படம் போதாதா? உன் மனதில் அழுக்கு இல்லை. நீ சரியான கேள்வியைக் கேட்டாய், அவர் நாயைப் பற்றிப் பேசிச் சமாளித்தார், நீ சமாதானமாகிவிட்டாய். இதுதான் நடந்தது.

பேண்டிலிருந்து விலகு. விலகுவதற்கு முன் காரணத்தைக் கூட்டத்தில் எழுந்து சொல். இரண்டு பேர் கேட்டால்கூடப் போதும். நீ அந்தப் படிவத்தைக் கையால் எடுத்துக் கொடுத்தால், அதற்குப் பிறகு எனக்கு எழுதாதே. பண்டிகைப் பலகாரம் பற்றிப் படிக்க எனக்கு வயிறு இடம் கொடுக்காது.

தூல்லியோ


ரோக்கால்பினா
பிப்ரவரி 20

தூல்லியோ,

எழுதாதே என்றாய். இதையாவது படி.

உன் கடிதம் வந்த அன்று படிவங்களைக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒத்திகை முடிந்ததும் கொடுத்தேன். நீ நினைப்பதுபோல் இருக்கவில்லை. ஒரே சிரிப்பு. கிளாரினெட் ஃபோஸ்கா, "எங்க தாத்தா யாருன்னு எங்க பாட்டிக்கே சந்தேகம், எந்த ஊர்னு எழுத?" என்று கேட்டு எல்லோரையும் உருட்டிவிட்டாள். பெஸ்னிக்கும் சிரித்தான். துர்ரெஸ் என்று நான்கு கட்டத்திலும் அழகாக அச்சடித்ததுபோல் எழுதிக் கொடுத்தான்.

இரண்டு வாரம் கழித்து நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. நால்வரில் இருவராவது இந்த மாவட்டத்தில் பிறந்திருந்தால்தான் ஊர்ச் சின்னம் வைத்த சீருடையாம். மற்றவர்கள் 'பேண்டின் நண்பர்கள்' ஆவார்களாம். வாசிக்கலாம், பழைய சட்டையில், கடைசி வரிசையில். 'மற்றவர்கள்' என்று பன்மையில் எழுதியிருந்தது. ஒரே ஒரு ஆள்தான் அப்படி. அதைப் படித்துக் காட்ட வேண்டியவள் நான். பேண்டு மாஸ்டர் ஊகோ மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெஸ்னிக், "பின்னாடி நின்னா நல்லதுதான், யார் எச்சிலும் மேல தெறிக்காது" என்றான். நாங்கள் சிரித்தோம். எல்லோரும் சிரித்தோம் தூல்லியோ, அதுதான் எனக்கு இப்போது புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சந்தையில் தொண்டர்கள் குடியிருப்புச் சீட்டைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பிக்பாக்கெட்டுகளைப் பிடிக்கவாம். ஒரு தொண்டர் பெஸ்னிக்கிடம் கேட்டிருக்கிறார். அவன் பொறுக்கிய ஆரஞ்சுப் பழங்களைத் தட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் என் வாசலுக்கு வந்தான். ட்ரம்பெட் பேண்டின் சொத்து அல்லவா, பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தான். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். உள்ளே வா என்றேன். சுண்ணாம்புக் கால் என்றான். கால் சுத்தமாகத்தான் இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் இன்னும் விடவில்லை.

ஓர்னெல்லா


மால்மோ
மார்ச் 5

அக்காவுக்கு,

எழுதாதே என்று எழுதியவன் நான், உன் கடிதத்துக்காகத் தினமும் பெட்டியைத் திறந்து பார்த்தவனும் நான்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தத் தொண்டர் யார்? நீ நாயைக்கூடப் பெயர் சொல்லித்தான் எழுதுவாய். நம் ஊரில் பெயரில்லாத ஒரு ஆள் எங்கிருந்து வந்தார்?

தூல்லியோ


ரோக்கால்பினா
ஏப்ரல் 12

மச்சான் தூல்லியோவுக்கு,

எஜீதியோ எழுதுகிறேன். ஈஸ்டர் வாழ்த்துகள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். பிழை இருந்தால் சிரிக்காதே.

உன் அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகியும் பதில் எழுதவில்லை, என்னோடும் பேசுவதில்லை. சோறு போடுகிறாள், சட்டை மடித்து வைக்கிறாள், ஒரு வார்த்தை இல்லை. மேஜைவிரிப்புத் தேடப் போய் உன் கடிதத்தைப் பார்த்தேன். படித்தது தப்புதான். அந்தத் தொண்டர் யார் என்று கேட்டிருக்கிறாய்.

நான்தான்.

அக்டோபரிலிருந்தே நான் அந்தக் குழுவில் இருக்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்னாள்.

அன்றைக்குச் சந்தையில் எல்லோரிடமும் சீட்டுக் கேட்கச் சொல்லியிருந்தார்கள். பெஸ்னிக் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான். எங்கள் குழுத் தலைவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய், "பெஸ்னிக், குடியிருப்புச் சீட்டைக் காட்டு" என்றேன்.

"என்ன எஜீதியோ, கண்ணாடி போட மறந்துட்டியா?"

"வெளையாடாதப்பா. எல்லாரையும் கேக்கச் சொல்லியிருக்காங்க."

"எல்லாரையும்னா? இந்தப் பழக்காரம்மாவைக் கேட்டியா? அங்க நிக்கிற பாதிரியாரைக் கேட்டியா?"

"அவங்களைத்தான் தெரியுமே."

"என்னைத் தெரியாதா?"

இருபத்தைந்து வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் அவனோடு சீட்டாடுகிறேன். "எனக்காகக் காட்டுப்பா" என்றேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பழத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஃபாசிசம் என்று நீ எழுதுகிறாய். எனக்கு அது தெரியும் மச்சான், புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. என் தாத்தாவை நாற்காலியில் கட்டி வைத்து விளக்கெண்ணெய் குடிக்க வைத்தார்கள். சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லுவார். கட்டியவர்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். எல்லாம் பக்கத்துத் தெருக்காரர்கள். நாங்கள் யாரையும் கட்டவில்லை. கிழவிகளைக் கைபிடித்து மருந்துக்கடைக்கு அழைத்துப் போகிறோம். இரண்டு வருடம் என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை, இப்போது காலையில் என்னைத் தேடுகிறார்கள். இது எப்படி அதுவாகும்?

நீ படித்தவன். பட்டியல் அனுப்பாதே. எனக்குப் பதில் எழுது.

எஜீதியோ


மால்மோ
ஏப்ரல் 27

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இருவரும் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது அத்தான். ஒரு பிழைகூட இல்லை.

பதிலை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நான்கிலும் நான் உங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதனால் வேறொன்றைச் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு முற்றம் உண்டு. சாயங்காலம் அடுத்த தெருவிலிருந்து சோமாலியப் பெண்கள் சிலர் அங்கே வந்து உட்காருவார்கள். பிளாஸ்கில் டீ, பேச்சு, சிரிப்பு. பிப்ரவரியில் கீழ்வீட்டு இங்கேலா ஒரு தாளோடு வந்தாள். எனக்குக் காய்ச்சல் கண்டால் சூப் கொண்டுவரும் நல்ல மனுஷி. முற்றத்து வாயிலுக்குப் பூட்டுப் போடக் குடியிருப்போர் சங்கத்துக்கு மனு என்றாள். கையெழுத்துப் போட்டேன். மேஜையில் பல் அச்சுகள் கிடந்தன, அதனால் குளிர்பெட்டிக் கதவில் வைத்துத்தான் எழுதினேன். உனக்கு அனுப்பிய அந்தப் பட்டியல் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது அக்கா. அன்று காலையில்கூட உங்கள் மேயருக்காக ஒரு குறி போட்டிருந்தேன்.

போன வாரம் வேலையிலிருந்து வந்தபோது வாயில் பூட்டியிருந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி வெளியே நின்றாள். "நீங்க இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தேன். கதவு தானாகப் பூட்டிக்கொள்கிற வகை. அவள் முகத்துக்கு நேராக நான் சாத்தியதாக ஆகாது. அப்படித்தான் படியேறும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இது எப்படி அதுவாகும் என்று கேட்டீர்கள் அத்தான். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவன்போல் ஆறு மாதமாக எழுதிவிட்டேன்.

அக்கா, அவரோடு பேசு.

தூல்லியோ


ரோக்கால்பினா
ஜூன் 5

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் அத்தானும் நலம். பேசிக்கொள்கிறோம், கொஞ்சமாக. இந்தக் கடிதத்தை நம் ஊர் அஞ்சல் பெட்டியிலேயே போடப் போகிறேன். எனக்கு ஒரு பல் வலியும் இல்லை, முன்பும் இருந்ததில்லை. பேருந்து ஏறிப் போய்க் கடிதம் போட்டதை எனக்கே ஒரு காரணம் சொல்லி மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர்ப் புனிதர் திருநாள் மே இருபத்துநாலு. நாங்கள் முப்பது பேர் கரும்பச்சைச் சீருடையில் சதுக்கத்தில் உட்கார்ந்தோம். மேயரும் பிரமுகர்களும் முதல் வரிசையில். உன் அத்தான் ஆரஞ்சுச் சட்டையோடு கயிற்றோரம் காவலுக்கு நின்றார். மூன்றாவதாக அந்தப் பழைய நடை, ஊர்வலத்தில் மெதுவாக வாசிப்போமே, அது. அதன் நடுவில் பதினாறு தாள அடிக்கு ட்ரம்பெட் மட்டும்தான். மற்றவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்த முறை அதை ஃபோஸ்கா கிளாரினெட்டில் வாசிப்பதாக ஏற்பாடு. ஒத்திகையில் வாசித்தாள், நன்றாகவே இருந்தது.

அந்த இடம் வந்தது. ஃபோஸ்கா வாசிக்கவில்லை.

மாஸ்டர் ஊகோவின் கை காற்றில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. யாரும் அசையவில்லை. மேலே தகைவிலான் குருவிகள் கத்திக்கொண்டு சுற்றின. ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டது. என் பெரிய குழலை மடியில் பிடித்துக்கொண்டு நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது அடியில், முடிந்துவிட்டது என்று நினைத்து மேயர் கை தட்டினார். சதுக்கமே தட்டியது. தட்டல் ஓயாதபோதே பதினேழாவது அடியில் முப்பது பேரும் ஒன்றாக வாசிக்கத் தொடங்கினோம். ஒருவர்கூட முந்தவில்லை, பிந்தவில்லை.

நாங்கள் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை தூல்லியோ. பின்னால் ஃபோஸ்காவைக் கேட்டேன். "மாஸ்டர் கைகாட்டுவார்னு பாத்தேன்" என்றாள். மாஸ்டரைக் கேட்டால், "அவ ஆரம்பிப்பான்னு நெனச்சேன்" என்கிறார். இருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. நாங்கள் செய்தது எதிர்ப்பா, தடுமாற்றமா? தடுமாறியிருந்தால் எண்ணிக்கை எப்படித் தவறாமல் இருந்தது? எதிர்ப்பு என்றால் எனக்கு ஏன் அது தெரியாமல் போயிற்று?

வீட்டுக்கு வந்து உன் அத்தான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"நடுவுல என்ன ஆச்சு?"

"அது பெஸ்னிக் வாசிக்கிற எடம்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் கை தட்டினீங்க?"

மற்ற பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். "எல்லாரும் தட்டினாங்க" என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இரண்டு நாளில் நகராட்சியிலிருந்து கடிதம். திருநாள் நிகழ்ச்சியில் ஏற்பட்ட 'இடையூறுக்கு' யார் காரணம் என்று பெயரைச் செயலாளர் எழுதித் தர வேண்டும், மூன்று நாளுக்குள். மாஸ்டர் வந்தார். "இசைத்தாள் காணாமப் போச்சுன்னு எழுதிடும்மா. யாருக்கும் தொந்தரவில்ல" என்றார். நல்ல யோசனைதான். இரண்டு நாள் அப்படித்தான் எழுத இருந்தேன்.

மூன்றாம் நாள் வேறு மாதிரி எழுதினேன். அந்தப் பதினாறு அடி பெஸ்னிக்குடையது. அவரை நாங்கள் கடைசி வரிசைக்கு அனுப்பினோம், பிறகு அவர் வரவில்லை, ஆகவே அந்த இடத்தில் யாரும் இல்லை. படிவத்தைக் கொடுத்ததும் அறிவிப்பைப் படித்ததும் நான். இவ்வளவுதான். கீழே என் பெயர்.

அவனுடைய பெயர் இருக்கிறதே, கேட்டுவிடுவோம் என்று பழைய ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். மனைவி மிமோஸா காப்பி கொடுத்தாள். பெஸ்னிக் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"மறுபடியும் என் பேரு ஒரு காகிதத்துல. இது யாருக்காக ஓர்னெல்லாக்கா, எனக்கா, உங்களுக்கா?"

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான் எதுவும் கேக்கல. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சதும் ஊரை விட்டு பார்மாவுக்குப் போறோம். மச்சினன் வேலை பாத்து வெச்சிருக்கான். உங்க மனசுக்குத் தோணினதச் செய்ங்க. ஆனா எனக்காகன்னு சொல்லாதீங்க."

அவன் பெயரை எடுத்துவிட்டு, 'ட்ரம்பெட் வாசித்தவர்' என்று மாற்றி எழுதினேன். மாற்றியதும் அது அந்த நகராட்சிக் கடிதத்தின் 'மற்றவர்கள்' மாதிரி இருந்தது. எது சரி என்று இப்போதும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

கொடுப்பதற்கு முன் உன் அத்தானிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு, "என் பேரையும் போடு. சந்தையில சீட்டுக் கேட்டது நான்தான்னு எழுது" என்றார். இது என்ன காகிதம், இதனால் என்ன வரும் என்று புரிந்துதான் சொன்னாரா? கேட்கவில்லை, கேட்டால் மாற்றிவிடுவாரோ என்று பயம். அவர் சொன்னபடியே எழுதினேன். கையெழுத்துப் போட்டார். இருவருமாக நடந்து போய்க் கொடுத்தோம். நகராட்சிச் சன்னலில் இருந்த பெண் படிக்காமலே முத்திரை குத்தி, ஒரு எண் எழுதிய சீட்டைக் கொடுத்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

இன்றோடு ஏழு நாள். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. உன் அத்தான் காலையில் முகம் மழித்துக்கொள்கிறார், ஆனால் கிளம்புவதில்லை. தெருவில் எல்லோரும் வழக்கம்போல் வணக்கம் சொல்கிறார்கள். ஒரு நொடி தாமதமாகச் சொல்வதுபோல் இருக்கிறது. எப்போதுமே அப்படித்தான் சொல்லிவந்தார்களோ என்னவோ, முன்பு நான் கவனித்ததில்லை.

இன்று வியாழக்கிழமை, ஒத்திகை நாள். உண்டு என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குழலைத் துடைத்து வைத்திருக்கிறேன். இதை ஒட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். கூடம் பூட்டியிருந்தால் ஏதோ ஒன்று தெரிந்துவிடும். திறந்திருந்தால், உள்ளே போய் என் நாற்காலியில் உட்காருவேனா என்பது எனக்கே இன்னும் தெரியாது.

முழங்காலைக் கவனித்துக்கொள். அந்த முற்றத்துப் பெண்களை மறுபடி பார்த்தாயா, எழுது.

உன் அக்கா
ஓர்னெல்லா